குடுவையைத் தொடாமல் வேதியியலில் பிஎச்.டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்கார ஆயாவுக்கு என் வேலை மேல் தீராத சந்தேகம். "கெமிஸ்ட்ரின்னு சொல்றே, கையில ஒரு கறை இல்ல, சட்டையில ஒரு பொத்தல் இல்ல, ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருக்கே, என்ன கெமிஸ்ட்ரியோ தம்பி!" என்பார். டர்பனில் இன்னமும் வீட்டுக்குள் தமிழ் பேசும் தலைமுறை அவருடையது. பேத்திக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் பாதி இங்கிலீஷில் வரும். அந்தப் பேத்தி இப்போது வேதியியலில் ஹானர்ஸ் ஆண்டு (பிஎஸ்சிக்கு அடுத்த ஓராண்டுப் படிப்பு) படிக்கிறாள். போன மாதம் ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, கம்ப்யூட்டேஷனல் கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி இடமாம், முழு உதவித்தொகையாம், அதில் என்னதான் செய்வார்கள்?" என்று கேட்டாள். அவளோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு மூலக்கூறு எந்த வடிவத்தில் இருக்கும், என்ன நிறம் காட்டும், எதோடு சேரும், எவ்வளவு வேகத்தில் சேரும், இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆற்றல்தான். எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் இன்ன இடத்தில் இருந்தால் மொத்த ஆற்றல் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்துவிட்டால், பாதி வேதியியல் கைக்கு வந்த மாதிரி. அந்தக் கணக்குக்கான சமன்பாட்டை இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1926-லேயே எழுதிவிட்டார். 1929-இல் இன்னொரு இயற்பியலாளர் டிராக், வேதியியலுக்கு வேண்டிய விதிகள் எல்லாம் தெரிந்தாகிவிட்டது, சமன்பாடுகளைத் தீர்க்க முடியாததுதான் கஷ்டம் என்ற பொருளில் எழுதினார். அந்த 'முடியாததுதான் கஷ்டம்' என்ற இடத்தில்தான் எங்கள் துறை முழுக்கக் குடியிருக்கிறது. ஹைட்ரஜன் அணுவைத் தாண்டி இரண்டாவது எலக்ட்ரான் உள்ளே வந்தாலே தாளில் துல்லியமாகத் தீர்க்க முடியாது. ஆகவே தோராயம் செய்ய வேண்டும், எந்தத் தோராயம் எங்கே சரிப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும். கணினி வேதியியல் படிப்பது என்றால் பெரும்பாலும் இதைக் கற்றுக்கொள்வதுதான், கணினியைப் படிப்பது அதற்கு அப்புறம்.

தோராயம்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் வம்பு. ஒரு தண்ணீர் மூலக்கூறின் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால், ஒரு மோலுக்கு ஏறத்தாழ 48,000 கிலோகலோரி என்று வரும் (அதுவும் எதிர்மறை எண்ணாக, அதை விடுங்கள்). ஆனால் ஒரு வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் மேட்டில் வெறும் 1.4 கிலோகலோரி தப்பாகப் போனால், அறை வெப்பநிலையில் வினையின் வேகம் பத்து மடங்கு தப்பாகிவிடும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டர்பனைச் சுற்றியுள்ள நடாலின் கரும்புச் சாலையில் 30 டன் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போகிறது, அதை எடை போட்டு, ஒரே ஒரு கரும்பை உருவிவிட்டு மறுபடி எடை போட்டு, வித்தியாசத்தைக் கொண்டு அந்தக் கரும்பின் எடையைச் சொல் என்கிற மாதிரி வேலை இது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கியவர்களின் வம்சத்துக்கு இந்த உதாரணம் உடனே பிடிபடும் என்று நினைத்தேன், ஆயா என்னமோ சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இதை எப்படிச் சமாளிக்கிறோம்? தராசு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இரண்டு தடவையும் ஒரே கோணலில் இருந்தால் வித்தியாசம் சரியாக வந்துவிடும். இரண்டு மூலக்கூறுகளையும் ஒரே முறையில், ஒரே அமைப்புகளோடு கணக்கிட்டால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்பதுதான் எங்கள் பிழைப்பின் ரகசியம். எப்போது அடித்துக்கொள்ளாது என்று தெரிந்தவரைத்தான் நல்ல கணினி வேதியியலாளர் என்கிறோம்.

முறைகள் பல இருக்கின்றன. மிகத் துல்லியமானது என்று பெயர் வாங்கிய 'கப்பிள்டு கிளஸ்டர்' வகை ஒன்றில், மூலக்கூறு இரண்டு மடங்கு பெரிதானால் கணக்கு 128 மடங்கு நீளும். ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை ஐந்து நாளுக்கு மேல் இழுக்கும். அதனால் அன்றாடம் எல்லோரும் ஓட்டுவது டிஎஃப்டி, அதாவது அடர்த்திச் சார்பியக் கோட்பாடு. ஒவ்வொரு எலக்ட்ரானையும் தனித்தனியாகத் துரத்தாமல், எங்கே எவ்வளவு எலக்ட்ரான் அடர்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆற்றலைப் பிடித்துவிடலாம் என்று 1964, 65-இல் வால்டர் கோனும் கூட்டாளிகளும் காட்டியதிலிருந்து வந்தது. 1998-இல் கோனுக்கும், கணக்கை நிரலாக எழுதி எல்லோர் கையிலும் கொடுத்த ஜான் போப்பிளுக்கும் நோபல் கிடைத்தது.

இன்னொரு பக்கம் மூலக்கூறு இயக்கவியல், சுருக்கமாக எம்.டி. இங்கே எலக்ட்ரானைப் பற்றிக் கவலையே இல்லை, அணுக்களை உருண்டைகளாகவும் பிணைப்புகளை ஸ்பிரிங்காகவும் வைத்து நியூட்டன் விதிப்படி ஓடவிடுவது. புரதம், செல் சவ்வு மாதிரி லட்சக்கணக்கான அணுக்கள் உள்ள சமாசாரங்களுக்கு இது. வழக்கமாக இந்த ஓட்டத்தின் ஒரு காலடி 2 ஃபெம்டோ நொடி, அதாவது ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகக் கூறு போட்டால் அதில் இரண்டு கூறு. ஒரு மைக்ரோ நொடியைப் பார்க்கவே 50 கோடி அடி எடுத்து வைக்க வேண்டும். படம் பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே ஏமாந்து போகிறவர்களும் அதிகம்.

இரண்டையும் ஒட்டுப்போட்டதுதான் 2013 நோபல். அதை வாங்கிய மூவரில் மைக்கேல் லெவிட் பிரிட்டோரியாவில் பிறந்தவர் என்பது இங்கே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அவரும் ஆரியே வார்ஷலும் 1976-இல் லைசோசைம் என்ற நொதியை எடுத்துக்கொண்டார்கள், முட்டை வெள்ளையில் இருக்குமே அதேதான். பிணைப்பு உடையும் சின்ன இடத்தை மட்டும் குவாண்டம் முறையில், அதாவது எலக்ட்ரான் கணக்கோடு, கவனித்து, மிச்சப் புரதத்தை உருண்டை-ஸ்பிரிங்காக விட்டார்கள். தைப்பூசத்தில் காவடி எடுப்பவருக்கு அலகு குத்தும் இடத்தில் எவ்வளவு நுணுக்கமாகக் கண் வைக்கிறோம், சுற்றி இருக்கும் கூட்டத்தை 'கொஞ்சம் நகருங்கப்பா' என்ற அளவில் சமாளிக்கிறோம் இல்லையா, அந்தக் கணக்கு. கூட்டமும் முக்கியம்தான், நெருக்கினால் காவடி ஆடும், ஆனால் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

சரி, பிஎச்.டி மாணவர் நாள் முழுக்க என்ன செய்வார்? 'ரன்' பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிப்பார் என்று நினைத்தால் அதில் டீ பாகம் மட்டும் சரி. பாதி நேரம் அடுத்தவர் கட்டுரைகளைப் படிப்பதிலும், மூலக்கூறைச் சரியாகக் கட்டுவதிலும், பைத்தானில் சின்னச் சின்ன நிரல் எழுதி முடிவுகளைப் பிரிப்பதிலும் போகும். மீதி நேரம், வந்த பதில் ஏன் தப்பு என்று தேடுவதில் போகும். கணினி எப்போதும் ஒரு பதில் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து.

என் கதையைச் சொல்கிறேன். முதல் ஆண்டில் ஒரு இரும்புச் சேர்மத்தை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் கணக்குப் போட்டேன். இரும்பில் ஆறு டி-எலக்ட்ரான்கள், அவை எல்லாம் ஜோடி சேர்ந்து அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டு உள்ளீட்டுக் கோப்பில் ஸ்பின் எண்ணாக (ஜோடி சேராத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டியது) 1 என்று அடித்திருந்தேன். உண்மையில் அந்தச் சேர்மத்தில் நான்கு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் இருந்தன, 5 என்று அடித்திருக்க வேண்டும். இரண்டுமே இலக்கணப்படி சரி என்பதால் நிரல் வாயே திறக்கவில்லை, அழகான வடிவங்கள், அழகான அட்டவணை எல்லாம் வந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பன்னி சௌ (உள்ளே குடைந்து குழம்பு ஊற்றிய ரொட்டி) வாங்கி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சேர்மத்தை நிஜமாகவே தயாரித்த நண்பர் "காந்தத்துக்கு நல்லா இழுக்குதே, உன் கணக்குல எப்படி?" என்று சாதாரணமாகக் கேட்டார். ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்கள் காந்தத்துக்கு இழுபடாது. குழம்பு விரலோடு நிற்க, ஆறு வாரமும் தொலைந்தது புரிந்தது. அன்றிலிருந்து எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இந்த ஆராய்ச்சிக் குழுவுக்குப் பக்கத்தில் குடுவையைக் கையில் பிடிக்கிற யாராவது இருக்கிறார்களா?

இன்னொரு தடவை, மேசைக் கணினியில் பதினோரு நாள் ஓடிக்கொண்டிருந்த வேலை லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டில் ஒரே நொடியில் போய்விட்டது. இடையில் சேமிக்கும்படி ஒரு வரி எழுதியிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். எழுதவில்லை. யாரைக் குறை சொல்ல.

அதனால்தான் பெரிய கணக்குகளுக்குக் க்ளஸ்டர், அதாவது ஒன்றாகக் கோத்த பல கணினிகள், வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. கேப் டவுனில் இந்நாட்டு அரசின் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் நடத்தும் தேசிய உயர்திறன் கணினி மையம், சிஎச்பிசி, 2007-இல் தொடங்கியது. 2016-இல் அங்கே வந்த இயந்திரத்தின் பெயர் லெங்காவ், செட்ஸ்வானா மொழியில் சிவிங்கிப்புலி (சீட்டா). நொடிக்கு ஒரு பெட்டாஃப்ளாப், அதாவது பத்துக் கோடி கோடி கணக்குகள் என்ற அளவில் ஓடும் இயந்திரம் அது. டர்பனில் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு கேப் டவுனில் இருக்கும் இயந்திரத்துக்கு வேலை அனுப்பலாம், நெறியாளரின் திட்டத்தின் கீழ் உங்களுக்குப் பயனர் கணக்கு திறந்து கொடுப்பார்கள். மென்பொருளுக்கும் காசு கொட்ட வேண்டியதில்லை. காசியன் விலைக்கு வாங்குவது, ஆனால் ஓர்கா கல்வி வேலைக்கு இலவசம், க்ரோமாக்ஸ் யாருக்கும் இலவசம்.

இங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்றால், மண்ணையும் நோயையும் பார்த்தாலே போதும். பிளாட்டினம் இந்த நாட்டு மண்ணில் கிடக்கிறது, கார்ப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி அது, அதன் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பது டிஎஃப்டி கேள்வி. நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்யும் செகுண்டா ஆலைகளுக்குப் பின்னால் இருப்பது இரும்பு வினையூக்கி, அதுவும் அப்படித்தான். லிம்போப்போ பல்கலைக்கழகத்தில் கனிமங்களையும் பேட்டரிப் பொருட்களையும் கணினியில் பார்க்கும் மையம் ஒன்று இருக்கிறது. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் குழு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய எச்3டி மையம் மலேரியாவுக்கும் காசநோய்க்கும் மருந்து தேடுகிறது. டர்பனிலேயே க்வாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் மருந்து, புரதம் சார்ந்த வேலைகள். ஆயாவின் தம்பி இந்த வளாகத்தின் மூதாதையில் படித்தவர். 1961-இல் இந்தியர்களுக்கு என்று ஒதுக்கி டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் வைத்த கல்லூரி, படகேறிப் போவார்களாம். அது வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004-இல் நடால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்போதைய பெயருக்கு வந்தது.

இங்கே படிப்புப் பாதை இப்படி: மூன்று ஆண்டு பிஎஸ்சி, ஓராண்டு ஹானர்ஸ், வழக்கமாக இரண்டு ஆண்டு எம்எஸ்சி, அப்புறம் மூன்று நான்கு ஆண்டு பிஎச்.டி. வகுப்பு, தேர்வு எல்லாம் பெரிதாகக் கிடையாது, முழுக்க ஆய்வேடுதான். உதவித்தொகைக்கு முதல் வாசல் என்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. அதன் பணத்தில் பெரும்பகுதி குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் போகிறது. அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் இந்த ஆண்டு நடுவிலேயே முடிந்துவிடும், டிசம்பரில் முழித்துக்கொண்டால் கதை முடிந்தது. உங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகத்தில் தேதியைக் கேட்டு எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெளிநாடு என்றால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு விதம். அமெரிக்காவில் எம்எஸ்சி இல்லாமலே நேராகச் சேரலாம், ஐந்தாறு ஆண்டு, முதலில் வகுப்புகள், இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்துச் சம்பளம், விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் வாக்கில். அங்கே துறையில் சேர்ந்த பிறகுதான் நெறியாளரைப் பிடிப்பார்கள். ஜெர்மனியில் தலைகீழ், நெறியாளர்தான் ஆள் எடுக்கிறார், நீங்கள் மாணவர் மட்டுமல்ல, ஒப்பந்தம் போட்ட ஊழியர், அதனால் விளம்பரத்தில் முழுச் சம்பளத்தில் எத்தனை விழுக்காடு என்று போட்டிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி வலைப்பின்னல் இடங்களுக்கு ஒரு விசித்திர விதி உண்டு: கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது. வெளியே இருக்கிற நமக்கு அது சாதகம்தான். பிரிட்டனில் இடம் கிடைப்பது ஒன்று, வெளிநாட்டவருக்கான கட்டணத்தை யார் கட்டுவது என்பது வேறொன்று, இரண்டாவதைக் கேட்காமல் சந்தோஷப்படாதீர்கள். அறிவியலில் சொந்தக் காசைப் போட்டு, கடன் வாங்கிப் பிஎச்.டி செய்யாதீர்கள் என்பது என் கட்சி. இடம் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கடிதத்தை அழித்துவிடுங்கள்.

இனி அந்த விளம்பரத்துக்கு வருவோம். பேத்தி காட்டியதில் நான்கு வரிதான். முதல் வரியில் 'முறை உருவாக்கம்' என்ற சொல் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய் உதவித்தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நிறுத்தினேன். முறை உருவாக்கம் என்றால் இருக்கிற நிரலை ஓட்டுவது இல்லை, புது நிரலை எழுதுவது. நேரியல் இயற்கணிதம், சி++ அல்லது ஃபோர்ட்ரான், மாதக்கணக்கில் ஒரே பிழையைத் தேடும் பொறுமை எல்லாம் வேண்டும். 'பயன்பாடு' என்று இருந்தால் வேதியியல் உள்ளுணர்வு முன்னால் வரும், நிரல் பின்னால். 'இயந்திரக் கற்றல்' என்ற சொல் இப்போது எல்லா விளம்பரத்திலும் கறிவேப்பிலை மாதிரி விழுந்து கிடக்கிறது, 2024-இல் புரத வடிவத்தைக் கணித்தவர்களுக்கும் புதுப் புரதம் வடிவமைத்தவருக்கும் நோபல் போன பிறகு கேட்கவே வேண்டாம். அதைப் பார்த்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: பயிற்சிக்கான தரவு எங்கிருந்து வரும்? பதில் தெளிவாக வந்தால் நல்ல இடம். வெறும் டாக்கிங், அதாவது மருந்து மூலக்கூறைப் புரதத்தின் குழியில் பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடுவது, அதை மட்டும் வைத்து ஒரு முழு பிஎச்.டி என்றால் நான் தயங்குவேன். தொடங்க நல்ல கருவி, ஆனால் அந்த மதிப்பெண்ணை நம்பி நான்கு ஆண்டைக் கொடுக்க முடியாது.

நெறியாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்' என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குத்தான் போகும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எது புரிந்தது, எங்கே கேள்வி வந்தது என்று இரண்டு வரி எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். பதில் வந்து பேச அழைத்தால், பணம் எத்தனை ஆண்டுக்கு உறுதி, எந்த இயந்திரத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முடிந்தால் அங்கே இப்போது படிக்கும் ஒரு மாணவரிடம் தனியாகப் பேசுங்கள். நெறியாளர் வாரம் ஒருமுறை பார்ப்பாரா, ஆறு மாதத்துக்கு ஒருமுறையா என்பது அந்த மாணவருக்குத்தான் தெரியும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு கணக்கையாவது சொந்தமாக ஓட்டிப் பாரு என்று பேத்தியிடம் சொன்னேன். ஓர்காவை இறக்கி, தண்ணீர் மூலக்கூறைக் கொடு, மூன்றே அணு, எந்த மடிக்கணினியிலும் நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "அண்ணா, தண்ணீர் நேர்க்கோடாக வருகிறதே!" பார்த்தால், தொடக்க வடிவத்தை அவள் சோம்பலில் மூன்று அணுவையும் ஒரே கோட்டில், 180 பாகையில் வைத்திருக்கிறாள். நேர்க்கோட்டில் இருக்கும்போது இந்தப் பக்கம் வளையவோ அந்தப் பக்கம் வளையவோ எந்த விசையும் இல்லை, மலை முகட்டில் சரியாக நடுவில் வைத்த பந்து மாதிரி, நிரல் 'முடிந்தது' என்று சொல்லிவிட்டது. அதிர்வெண் கணக்கையும் போடச் சொன்னேன். இரண்டு எதிர்மறை எண்கள் வந்தன, முகட்டில் நிற்கிறாய் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு ஹைட்ரஜனைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி ஓட்டினாள், கோணம் சரசரவென்று இறங்கி 104 பாகையை ஒட்டி வந்து நின்றது, எதிர்மறை எண்கள் காணாமல் போயின.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ஆயா, "தண்ணி வளைஞ்சு இருக்குன்னு கண்டுபிடிக்கவா ரெண்டு நாளு?" என்றார். பேத்தி அப்போதுதான் விண்ணப்பக் கடிதத்தைத் திறந்து, 'சிறுவயதிலிருந்தே எனக்கு வேதியியலில் ஆர்வம்' என்ற முதல் வரியை அழித்துவிட்டு, அந்த நேர்க்கோட்டுத் தண்ணீரிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.